ஒரு வாரக் கடற்கரை... மூன்று மாத ஜாக்கிரதை!

வெள்ளை வெளேரென்று மாவு போல மணல். அடி வரை தெரிகிற நீலக் கடல். கூட்டம் இல்லை, ஹாரன் சத்தம் இல்லை. தூரத்தில் ஒரு பாய்மரப் படகு மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது...

காலண்டர் படத்தில் மட்டுமே பார்த்த இந்த இடங்களுக்கு இப்போது நம் வீட்டு மனிதர்களும் போய் வருகிறார்கள். மகனுக்கு நைரோபியில் வேலை, பேத்தியைப் பார்க்கப் போன கையோடு நாலு நாள் கடற்கரை. அல்லது கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆச்சே என்று கணவனும் மனைவியுமாக ஒரு பயணம். நீங்களும் அப்படிக் கிளம்பும் யோசனையில் இருக்கிறீர்களா? ரொம்ப சந்தோஷம். பெட்டி கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

உதாரணத்துக்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். கென்யாவின் கிழக்குக் கரையில், மொம்பாசா நகரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது வட்டாமு என்ற கடலோர ஊர். முன்னால் இந்துமகா சமுத்திரம். கரையை ஒட்டிப் பவளப்பாறைகள். 1968-லேயே இந்தக் கடல் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். ஆமைகள் கரையேறி முட்டையிடும். தெற்கே மிடா என்ற உப்பங்கழியும் அலையாத்திக் காடும். பின்னால் அராபுகோ சொகோகே காடு. பக்கத்திலேயே கெடி என்ற பாழடைந்த பழைய நகரம். பவளக் கல்லால் கட்டிய அரண்மனையும் மசூதிகளும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. 2024-ல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளி இருப்பது மாலிண்டி. 1498-ல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டுக்கு வழிகாட்டும் மாலுமியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்ட அதே ஊர்தான்.

அழகைப் பற்றிச் சொல்ல டூர் கம்பெனிக்காரர்கள் இருக்கிறார்கள். நாம் உடம்பைப் பற்றிப் பேசுவோம்.

அமைதிக்கும் ஒரு விலை உண்டு

ஒதுக்குப்புறமான கடற்கரை ஏன் அமைதியாக இருக்கிறது? எல்லாவற்றிலிருந்தும் தள்ளி இருப்பதால்தான். நம் தெருவில் ராத்திரி பதினொரு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மூலையில் மெடிக்கல் ஷாப், அடுத்த தெருவில் நர்ஸிங் ஹோம். அங்கே அப்படி இல்லை. சின்னச் சின்ன வைத்தியத்துக்கு உள்ளூரில் வசதி உண்டு. கொஞ்சம் பெரிய விஷயம் என்றால் மாலிண்டி. அதைவிடப் பெரியது என்றால் மொம்பாசா. காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கும் மேல் என்றால் விமானத்தில் நைரோபி.

ஆகவே, இந்த மாதிரிப் பயணத்தில் வைத்தியத்தின் பெரும்பகுதி புறப்படுவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும். இன்னொரு பகுதி திரும்பி வந்த பிறகு. நடுவிலே இருக்கிற ஒரு வாரம் ஜாலிக்கு!

அறை பதிவு செய்யும்போதே இந்தக் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கட்டிலுக்குக் கொசுவலை உண்டா? ஜன்னலுக்கு வலை அடித்திருக்கிறதா? கரன்ட் போனால் ஜெனரேட்டர் இருக்கிறதா? கூப்பிட்டால் வரும் டாக்டர் யார்? அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி எத்தனை நேரத் தூரம்? நல்ல விடுதிக்காரர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பயண இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, நோயாளியை விமானத்தில் தூக்கிப் போகும் செலவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 1957-ல் ஆரம்பித்த ஆம்ரெஃப் என்ற பறக்கும் டாக்டர் சேவை நைரோபியிலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அவர்களிடம் குறுகிய காலச் சந்தாத் திட்டமும் உண்டு.

ஆறு வாரம் முன்னால்: மஞ்சள் அட்டை

முதல் வேலை, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இது நம்ம ஊர் மஞ்சள் காமாலை இல்லை. கொசு பரப்பும் ஒரு வைரஸ் காய்ச்சல்.

இதில் ஒரு வேடிக்கை. மொம்பாசா, வட்டாமு போன்ற கரையோர இடங்களுக்கும் நைரோபி நகரத்துக்கும் மட்டும் போகிறவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு குறைவு என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மசாய் மாரா போய்ச் சிங்கம் பார்க்கிற திட்டமும் இருந்தால் கதை வேறு. ஆனாலும் எல்லோருக்கும் ஊசி ஏன்? நம் நாட்டுக்குத் திரும்பி வருவதற்காக! கென்யாவிலிருந்து வருகிறவரிடம் அந்த மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்து நேரே வீட்டுக்குப் போக முடியாது. 6 நாள் வரை தனிமையில் வைப்பார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இந்த வைரஸைப் பரப்பும் ஏடிஸ் கொசு நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியிலேயே வளர்கிறது. வைரஸ்தான் இங்கே இல்லை. அது ஒரு பயணியின் ரத்தத்தில் வந்து இறங்கிவிட்டால்? நம்மில் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது. அதனால்தான் வாசலிலேயே தடுக்கிறார்கள்.

இந்த ஊசியை எல்லா கிளினிக்கிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் அப்படிப்பட்டவை. முன்கூட்டியே விசாரித்து நாள் வாங்கிக்கொள்ளுங்கள். ஊசி போட்ட 10-வது நாளிலிருந்துதான் அட்டை செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுள் முழுவதற்கும் போதும். 2016-லிருந்து இதுதான் விதி. பத்து வருஷத்துக்கு ஒருமுறை போடும் வழக்கம் போய்விட்டது.

இது உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த ஊசி. எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. 9 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாதவர், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர், கர்ப்பிணி, 60 வயதைத் தாண்டியவர்... இவர்களெல்லாம் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவர் முடிவுப்படி நடக்க வேண்டும். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்பது புத்திசாலித்தனம்.

அதே விசிட்டில் டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ்-ஏ ஊசிகள் பாக்கி இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

"நமக்குத் தெரியாத கொசுவா?"

தெரியாத கொசுதான்!

சென்னைவாசிகளுக்கு மலேரியா புதிது இல்லை. ஆனால் இங்கே அதிகம் பார்த்தது வைவாக்ஸ் வகை. குளிர் நடுக்கம், காய்ச்சல் என்று ஆளை அடித்துப்போடும். உயிரைப் பறிப்பது அபூர்வம். கென்யாவில் பெரும்பாலும் இருப்பது ஃபால்சிபாரம். இது மூளை, சிறுநீரகம், நுரையீரல் என்று எங்கே வேண்டுமானாலும் கைவைக்கும். காலையில் 'லேசான காய்ச்சல்' என்று படுத்தவர், மறுநாள் நினைவிழந்து கிடக்கலாம்.

"என் பிள்ளை அங்கேயே மூன்று வருஷமா இருக்கான். மாத்திரையே போடறதில்லையே?" என்று கேட்பீர்கள். அவர் இருப்பது நைரோபியில். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே, ஊட்டி மாதிரி குளுகுளு ஊர். அங்கே மலேரியா குறைவு. கடற்கரையில் அப்படி இல்லை. "உள்ளூர்க்காரர்கள் மாத்திரை சாப்பிடுகிறார்களா என்ன?" என்பது அடுத்த கேள்வி. சின்ன வயதிலிருந்தே திரும்பத் திரும்ப மலேரியா வந்து பிழைத்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. அது உங்களுக்கு இல்லை. மாத்திரை விஷயத்தில் சொந்தக்காரர் யோசனை வேண்டாம். டாக்டர் யோசனைதான் வேண்டும்.

தடுப்பு மாத்திரையில் மூன்று வகை வழக்கத்தில் உள்ளன.

அடோவாகோன்-புரோகுவானில்: தினம் ஒன்று. புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பு ஆரம்பித்து, திரும்பிய பின் 7 நாள் வரை. குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவு.

டாக்ஸிசைக்ளின்: இதுவும் தினமும். ஆனால் திரும்பிய பின் 4 வாரம் தொடர வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை. வெயில் பட்டால் தோல் சட்டென்று வெந்துபோகும் தன்மையைக் கொண்டுவரும். கடற்கரைக்குப் போகிறவர் இதை மறக்கக் கூடாது.

மெஃப்ளோகுவின்: வாரம் ஒன்று. இரண்டு, மூன்று வாரம் முன்பே ஆரம்பித்து, திரும்பிய பின் 4 வாரம். வலிப்பு, மனநோய் இருந்தவர்களுக்கு ஆகாது.

பழைய குளோரோகுவின் மாத்திரை பீரோவில் இருக்கிறதே என்று எடுத்துப் போகாதீர்கள். ஆப்பிரிக்கக் கிருமி அதற்கு மசிவதில்லை. எந்த மாத்திரை, எத்தனை என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஊருக்கு வந்ததும் "அதான் வந்தாச்சே" என்று பாதியில் நிறுத்தாமல் இருப்பது. கடைசி நாள் கடித்த கொசுவின் கிருமி உடம்புக்குள் ஒளிந்திருந்து வெளிவரும் நேரம் அதுதான்.

மாத்திரை போட்டாலும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மலேரியா கொசு அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும் வரை கடிக்கும். கடற்கரையில் உட்கார்ந்து சூரியன் மறைந்த பிறகு அரட்டை அடிக்கிற நேரம்தான் அதற்கு விருந்து நேரம். ஆறு மணிக்கு முழுக்கை சட்டை, கணுக்கால் வரை பாண்ட் அல்லது சல்வார், சாக்ஸ். திறந்த இடங்களில் டீட் கலந்த கொசு விரட்டி க்ரீம். வேப்பெண்ணெய் போன்றவை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். இரவில் மருந்தில் தோய்த்த கொசுவலை. அதைப் படுக்கைக்கு அடியில் செருகிவிடுவது முக்கியம்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்தில் வரும் ஃபால்சிபாரம் தாயையும் சிசுவையும் சேர்த்து ஆபத்தில் தள்ளும். பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். கடல் எங்கேயும் போய்விடாது.

பகல் கொசு: நமக்கும் அதற்கும் பழைய பாக்கி!

2006-ல் நம் ஊரையே மூட்டு மூட்டாக முடக்கிப்போட்ட சிக்குன்குனியா ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெயர் தான்சானியாவின் மகொண்டே மொழியிலிருந்து வந்தது. வலியில் உடம்பு வளைந்துபோவதைக் குறிக்கும். வட்டாமுவுக்கு வடக்கே இருக்கும் லாமு தீவில் 2004-ல் அது பெரிய அளவில் பரவியது; தீவின் மக்களில் முக்கால்வாசிப் பேரைத் தொட்டுவிட்டது என்று ரத்தப் பரிசோதனைகள் காட்டின. அங்கிருந்து மொம்பாசா, கொமொரோஸ், ரீயூனியன் என்று தீவு தீவாகத் தாவி, அதன் பிறகு இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, லாமுவில் அது பரவியது மழை காலத்தில் அல்ல, வறட்சியில்! தண்ணீர்ப் பஞ்சம் வந்ததால் ஜனங்கள் பாத்திரங்களில் பிடித்து நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில் கிடைத்தது. எனவே "மழை இல்லையே, கொசு எங்கே இருக்கப்போகிறது" என்று அலட்சியம் வேண்டாம். டெங்குவும் இந்தக் கரையில் வந்து போவதுதான். இந்தக் கொசு பகலில் கடிக்கும். அதனால் க்ரீம் பகலிலும் வேண்டும். முதலில் சன்ஸ்கிரீன், அது உலர்ந்த பிறகு கொசு விரட்டி.

அங்கே இருக்கும்போது காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரின், ஐபுப்ரூஃபன் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அதிகமாக்கும். பாரசிட்டமால் மட்டும், உடனே ரத்தப் பரிசோதனை.

பின்வாங்கும் கடல், திரும்பி வரும் கடல்

மெரினாவில் கடல் எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். கென்யக் கரையில் அமாவாசை, பௌர்ணமி சமயங்களில் 3 மீட்டருக்கு மேல்! காலையில் வாசல்படி வரை வந்த கடல், மதியம் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் குட்டையுமாக ஒரு மைதானம் தெரியும். குழந்தைகள் உற்சாகமாக ஓடுவார்கள். நண்டு, நட்சத்திர மீன் பார்த்துக்கொண்டே பவளப்பாறை விளிம்பு வரை போய்விடுவார்கள்.

கடல் திரும்பும்போது எப்படி வரும் தெரியுமா? உங்கள் முன்னால் அலையாக மட்டுமல்ல. உங்களுக்குப் பின்னால், கரைக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் பள்ளங்களைச் சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டும் வரும். திரும்பிப் பார்த்தால் இடுப்பளவு தண்ணீர். ஆகவே, விடுதியில் அன்றைய ஏற்ற, வற்ற நேரத்தைக் கேட்காமல் வெளியே போகாதீர்கள். கடல் திரும்ப ஆரம்பிப்பதற்கு முன்பே கரைக்கு வந்துவிடுங்கள்.

நேரம் கேட்கும்போது இன்னொன்றும் ஜாக்கிரதை. ஸ்வாஹிலி மொழியில் மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து ஆரம்பிக்கும். நம் காலை 7 மணி அவர்களுக்கு 'ஒரு மணி'. படகுக்காரர் 'மூன்று மணி' என்று சொன்னால் அது காலை 9 ஆக இருக்கலாம். "உங்கள் கணக்கா, எங்கள் கணக்கா?" என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அடிப்பாகம் வைத்த படகில் மீன் பார்க்கக் கூட்டிப் போவார்கள். நம்மில் நீச்சல் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? லைஃப் ஜாக்கெட் கொடுக்காத படகில் ஏற வேண்டாம். பாறைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் தண்ணீர் வேகமாக வெளியே இழுக்கும்; அங்கே குளிக்கவே கூடாது.

காலில் குத்துவது எது?

ஆழமில்லாத தண்ணீரில் நடக்க ரப்பர் ஷூ கட்டாயம். பாறை இடுக்கில் கறுப்பு முள் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் கடல் முள்ளெலியை மிதித்தால் முள் உடைந்து உள்ளேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற முள்ளை மட்டும் எடுங்கள். ஆழமாகப் போனதையும், மூட்டுப் பக்கம் குத்தியதையும் ஊசி வைத்துத் தோண்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீன், அழகான சிங்க மீன், மணலில் புதைந்திருக்கும் திருக்கை இவற்றின் முள்ளில் விஷம் உண்டு. வலி தாங்க முடியாது. முதலுதவி எளிது: வெந்நீர். பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை காலை அதில் வைக்க வேண்டும். சூடு இந்த விஷத்தை முறிக்கும். சூட்டை அடிபடாத காலிலோ அடுத்தவர் கையிலோ பார்த்துக்கொள்ளுங்கள். வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். பிறகு தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

கூம்பு வடிவச் சங்கு அழகாகக் கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் விஷ ஊசியால் குத்தும்; ஆளையே கொன்றுவிடும் வகைகளும் உண்டு. தேசியப் பூங்காவில் சங்கு பொறுக்குவது சட்டப்படியும் குற்றம்.

செருப்பில்லாமல் நடக்கலாமா?

நடக்கலாம், கடல் தினமும் கழுவிவிட்டுப் போகும் ஈர மணலில் மட்டும். அதற்கு மேலே உள்ள காய்ந்த மணலிலும், கிராமத்துப் புழுதியிலும் வேண்டாம்.

அங்கே 'ஃபுன்சா' என்று சொல்லும் ஒரு மணல் தெள்ளுப்பூச்சி இருக்கிறது. பெண் பூச்சி கால்விரல் நகத்தோரம் தோலுக்குள் புகுந்து, முட்டையோடு பட்டாணி அளவுக்கு உப்பும். நடுவில் கறுப்புப் புள்ளி வைத்த வெள்ளைக் கொப்புளம் போலத் தெரியும். சேஃப்டி பின்னால் குத்தி எடுக்கக் கூடாது. சீழ் பிடிக்கும், டெட்டனஸ் வரலாம். இன்னொன்று, நாய் மலத்திலிருந்து மணலில் கலக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சு. தோலுக்கடியில் வளைந்து வளைந்து ஒரு சிவப்புக் கோடு போடும்; அரிப்பு உயிரை எடுக்கும். மாத்திரையில் சரியாகிவிடும். வெறும் மணலில் படுக்காமல் விரிப்பு போட்டுக்கொண்டாலே இதைத் தவிர்க்கலாம்.

கடலில் குளிக்கலாம், குளத்தில் வேண்டாம்! இந்தக் கரையோரத்தின் குளம், ஓடை, தேங்கிய நன்னீரில் நத்தைகள் வழியாகப் பரவும் பில்ஹார்சியா என்ற புழு நோய் உண்டு. தண்ணீரில் நின்றாலே தோல் வழியாக உள்ளே போய்விடும். வாரக்கணக்கில் கழித்துச் சிறுநீரில் ரத்தம் வரும். நம் ஊர் டாக்டர்கள் இந்த நோயைப் பார்ப்பது அபூர்வம். நீங்கள் சொன்னால்தான் அவருக்குச் சந்தேகம் வரும். உப்புக் கடலில் இந்தப் பயம் இல்லை.

வெயில், சாப்பாடு

வட்டாமு, பூமத்திய ரேகைக்கு 3 டிகிரி தெற்கே. மார்ச்சிலும் அக்டோபர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கடல் காற்று சிலுசிலுவென்று அடிப்பதால் சூடு தெரியாது. ராத்திரிதான் முதுகு எரியும். குப்புற மிதந்து மீன் பார்க்கிறவர்களுக்கு முதுகும் முழங்காலின் பின்பக்கமும் வெந்துவிடும், டீ-ஷர்ட்டோடு நீந்துங்கள். பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நிழல்தான் சரி.

சாப்பாட்டில் நமக்குக் கஷ்டமே இல்லை. தேங்காய்ப்பால் சாதம், தேங்காய்ப்பாலில் வெந்த துவரை, சப்பாத்தி, சமோசா எல்லாம் உண்டு. தேங்காய்ப்பால் துவரைக்கு 'ம்பாசி' என்று பெயர். காலையில் உப்பலான மஹம்ரியோடு சாப்பிடுவார்கள். சுடச்சுட இருப்பதைச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்த பழம், ஐஸ் வேண்டாம். நம் கண்ணெதிரே சீவிக் கொடுக்கும் இளநீர் உத்தமம். அங்கே அதற்கு 'மடாஃபு' என்று பெயர்.

பெட்டிக்குள் என்ன?

தெர்மாமீட்டர், பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகள், காயத்துக்கு மருந்து, பஞ்சு, கொசு விரட்டி, சன்ஸ்கிரீன், ரப்பர் ஷூ. பிபி, சர்க்கரை மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு அதிகமாகவே எடுத்து, கைப்பையில் வையுங்கள். டாக்டர் சீட்டும் கூடவே. இன்சுலினை லக்கேஜில் போடக் கூடாது, உறைந்துவிடலாம். கென்ய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். இரவு 9 மணி ஊசி அங்கே மாலை 6.30! எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மருந்துகளை ஜவுளிக்கடை கேரி பேகில் சுற்றாதீர்கள். 2017-லிருந்து கென்யாவில் பிளாஸ்டிக் கேரி பேக் தடை. 2020-லிருந்து தேசியப் பூங்கா, கடற்கரை போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது. துணிப்பையும் எவர்சில்வர் பாட்டிலும் போதும்.

நாலு ஸ்வாஹிலி வார்த்தைகள் கைவசம் இருக்கட்டும்: 'ஹோமா' காய்ச்சல், 'மாஜி' தண்ணீர், 'ம்பூ' கொசு, 'டாக்டாரி' டாக்டர்.

திரும்பி வந்தாச்சு... இப்போதுதான் முக்கியம்!

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஃபால்சிபாரம் கிருமி, கொசு கடித்து குறைந்தது 7 நாள் கழித்துத்தான் காய்ச்சலாக வெளிவரும். ஒரு வாரப் பயணம் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல் வரும்போது நீங்கள் கென்யாவில் இருக்க மாட்டீர்கள். அம்பத்தூரிலோ திருச்சியிலோ உங்கள் வீட்டில் இருப்பீர்கள். போட்டோக்களை எல்லாருக்கும் காட்டி முடித்து, ஆபீஸ் போக ஆரம்பித்திருப்பீர்கள்.

தலைவலி, உடம்பு வலி, லேசான காய்ச்சல். சில பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. "அலைச்சல்... தண்ணி மாறினது" என்று வீட்டில் சொல்வார்கள். கஷாயம், ஒரு குரோசின், போர்வை. மழைக்காலமாக இருந்தால் "ஊரெல்லாம் வைரல் ஃபீவர்" என்று டாக்டரும் நினைக்கக்கூடும். இப்படிப் போகிற இரண்டு நாள்தான் உயிருக்கு ஆபத்தான இரண்டு நாள். சரியான மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் முழுக்கக் குணமாகிற நோய், தாமதத்தால் மட்டுமே கையை மீறிப் போகிறது.

என்ன செய்ய வேண்டும்?

ஊர் திரும்பிய மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், தடுப்பு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை. நாளைக்கு அல்ல. முதல் பரிசோதனையில் 'இல்லை' என்று வந்தும் காய்ச்சல் தொடர்ந்தால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் எடுக்கச் சொல்லுங்கள். கிருமி ரத்தத்தில் குறைவாக இருந்தால் முதல் தடவை கண்ணில் படாமல் போகலாம். அபூர்வமாக மூன்று மாதம் தாண்டியும் வருவதுண்டு. ஆகவே ஒரு வருஷம் வரை எந்தக் காய்ச்சலுக்கும் பயண விவரத்தைச் சொல்வது நல்லது.

குழந்தைகளிடம் கூடுதல் கவனம். சோர்ந்து படுத்தால், பால் குடிக்க மறுத்தால், காய்ச்சல் வந்து வந்து போனால் காத்திருக்க வேண்டாம்.

வந்த நாளிலிருந்து மூன்று மாதத் தேதியை எண்ணி, சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் அது என்ன வட்டம் என்று தெரியட்டும். நினைவு தப்பிக் கிடப்பவர் தானாகச் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும், "காய்ச்சல்" என்று சொல்வதற்கு முன்னால், "டாக்டர், நான் ஆப்பிரிக்கா போய்விட்டு வந்தேன்" என்று சொல்லுங்கள். பயணம் போன தேதியையும் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும்.

போய் வாருங்கள். கடல் நன்றாகவே இருக்கும்!